டிரில் டீச்சரின் எடை

ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் முதல் முறையாக மைதானத்துக்கு வரும்போது, அவர்கள் கண்கள் என்னைத் தாண்டிப் போய் டிரில் டீச்சரைத் தேடும். விசில் என் கழுத்தில்தான் தொங்கும். வெள்ளைக் கான்வாஸ் ஷூ என் காலில்தான் இருக்கும். இருந்தாலும் நம்பமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் நான் நின்றால், கம்பத்தோடு சேர்ந்தவளாகத் தெரியமாட்டேன்; அதன் அடியில் கட்டியிருக்கிற சிமெண்டு மேடையோடு சேர்ந்தவளாகத்தான் தெரிவேன்.

இதை எழுதச் சொன்னவர்கள் எங்கள் பள்ளி ஆசிரியைகள். "ரோசலின், ஆஸ்பத்திரில நடந்ததை எல்லாம் எழுதி வை. நம்மள்ல பாதிப் பேருக்கு உபயோகப்படும்" என்றார் கணக்கு டீச்சர். பாதிப் பேர் என்று அவர் சொன்னதும், அறையில் இருந்த யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் பிறந்ததிலிருந்தே இப்படி இருந்தவள் இல்லை. பயிற்சிக் கல்லூரியில் உயரம் தாண்டுவதில் பரிசு வாங்கியவள். கல்யாணம் ஆயிற்று, இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், ஒவ்வொரு வருடமும் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு நாள்கூட நான் உடற்பயிற்சியை விட்டதில்லை. பள்ளியில் பெண்களோடு கை காலை ஆட்டுவேன். வீட்டில் பாய் விரித்து, மல்லாந்து படுத்து, காலை நீட்டி, எழுந்து எழுந்து உட்காருவேன். வயிறு கரைய அதுதான் மருந்து என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நானும் பல வருடமாக மற்றவர்களுக்கு அதையேதான் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி எழுந்து உட்கார்ந்த ஒரு காலையில்தான் தொப்புளுக்கு மேலே ஒரு எலுமிச்சம்பழம் துருத்திக்கொண்டு நின்றது. அழுத்தினால் உள்ளே போயிற்று. இருமினால் வெளியே வந்தது.

என் கணவர் அந்துவான் மில்லில் தறிப் பகுதியில் வேலை செய்கிறவர். எவ்வளவு சாப்பிட்டாலும் ஒட்டடைக் கம்பு மாதிரி இருப்பார். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார், ஒரு விரலால் தொட்டார், விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"என்னா ரோசி இது, உள்ளேர்ந்து யாரோ எட்டிப் பாக்கற மாதிரி கீது?"

மறுநாள் இருவரும் பஸ் ஏறி ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஓ.பி. சீட்டு வாங்கி மர பெஞ்சில் உட்கார்ந்தால், வரிசை நகரும்போதெல்லாம் எல்லோரும் எழுந்து ஒரு ஆள் இடம் தள்ளி உட்கார வேண்டும். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பிப் பார்த்து, "இதுவே நல்ல எக்சர்சைஸ்தான்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மருத்துவர் என்னைப் படுக்கச் சொல்லி, இருமச் சொல்லிப் பார்த்தார். குடலிறக்கம் என்றார். வயிற்றின் முன்பக்கத்துத் தசைச் சுவரில் ஒரு இடம் தளர்ந்து ஓட்டை விழுந்திருக்கிறது, அது வழியாக உள்ளே இருக்கிற கொழுப்பும் குடலும் பிதுங்கி வெளியே வருகிறது. தையல் பிரிந்த தலையணையில் பஞ்சு எட்டிப் பார்க்கிறதே, அந்த மாதிரி. அறுவை செய்து தைத்தால்தான் சரியாகும்.

"ஆனா இந்த எடையோட தைச்சா தையல் தாங்காது. திரும்பக் கிழிஞ்சிடும். குறைச்சிட்டு வாங்க, செய்யலாம்" என்றார்.

"சார், நான் டிரில் டீச்சர்" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை, நல்ல மனிதர். "எழுந்து எழுந்து உக்காரறதை இன்னியோட நிறுத்திடுங்க. கனமா எதையும் தூக்காதீங்க. நடங்க, போதும்" என்று மட்டும் சொல்லி, வயிற்றில் கட்டிக்கொள்ள ஒரு பெல்ட் எழுதிக் கொடுத்தார்.

நடந்தேன். விடியும் முன் எழுந்து, கடற்கரைச் சாலையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை போய்த் திரும்புவேன். அந்துவான் பக்கத்தில் சைக்கிளை மெதுவாக மிதித்துக்கொண்டு வருவார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற ஒரு சொல்தா கிழவர், தினமும் எதிரே கைத்தடியோடு வந்து "பொன்ழூர் மதாம், இன்னும் வேகம்!" என்பார். நானும் வேகத்தைக் கூட்டுவேன். நடந்து முடித்ததும் அந்துவானுக்கு என்னைப் பார்க்கப் பெருமையாக இருக்கும். ரொட்டிக் கிடங்கில் அடுப்பிலிருந்து சூடாக ஒரு நீள ரொட்டி வாங்குவார். பக்கத்துக் கடையில் வெண்ணெய் வாங்கித் தடவி, பாதியை உடைத்து என் கையில் கொடுப்பார்.

"சாப்புடு. இவ்ளோ தூரம் நடந்திருக்கியே."

இன்றைக்கு நினைத்தாலும் அந்த ரொட்டியின் மொறுமொறுப்பு நாக்கில் வருகிறது.

ரயில் நிலையத்தில் காசு போட்டால் எடை சொல்லும் இயந்திரம் இருக்கிறதே, அதில் வாரம் ஒரு தடவை ஏறுவேன். விளக்கெல்லாம் சுழன்று ஒரு அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறு பக்கம் ஜோசியம். எடை அப்படியே இருக்கும். ஜோசியம் மட்டும் வாரா வாரம் மாறும். 'உங்கள் முயற்சிகளில் பெரும் முன்னேற்றம்' என்று ஒரு வாரம் வந்தது. அந்த வாரம் அரைக் கிலோ கூடியிருந்தேன்.

மருத்துவர் திரும்ப வரச் சொன்ன தேதியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, முதல் தடவை இருந்ததைவிட ஒரு கிலோ அதிகம். மருத்துவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நடக்கலியாம்மா?" என்று கேட்டார். தினமும் நடந்ததாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை என்பது அவர் தலையை ஆட்டிய விதத்திலேயே தெரிந்தது. திருட்டுப் பட்டம் கட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீடு வரைக்கும் அழுதேன். மறுநாள் நடக்கப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. எதற்காகப் போவது?

பள்ளியில் வேறு பயம். தலைமை ஆசிரியையான மதர் நல்லவர்தான். ஆனால் ஒரு நாள் கூப்பிட்டு, "ரோசலின், உடம்பு முடியலன்னா தையல் கிளாஸ் எடுத்துக்கறியா? டிரில்லுக்கு வேற சின்னப் பொண்ணு பாக்கலாம்" என்றார். அன்போடுதான் சொன்னார். எனக்கு ஊசியில் நூல் கோக்கவே தெரியாது. மில்லில் அப்போது வேலை இல்லாத நாட்கள் அதிகம். என் சம்பளத்தில்தான் வீடு நகர்ந்தது. அதையும் தாண்டி ஒன்று உண்டு. மைதானத்தை விட்டுவிட்டு நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே ஆண்டு விழா ஒத்திகை. வெயிலில் நின்று கத்திக் கத்தித் தொண்டை கமறி, விடாமல் இருமினேன். ஏதோ ஒன்று சுருக்கென்றது. கை வைத்துப் பார்த்தால் எலுமிச்சை இல்லை, ஆரஞ்சுப் பழம். வழக்கம்போல அழுத்தினேன். உள்ளே போகவில்லை. கல் மாதிரி நின்றது. வயிறு முறுக்கியது, வாந்தி வந்தது. மதர் ஒரு வாடகைக் காரைப் பிடித்து, தானே முன்னால் உட்கார்ந்து, வழி முழுக்க ஜெபமாலை உருட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அவசரப் பிரிவில் கட்டிலின் கால் பக்கத்தை உயர்த்திக் கட்டை வைத்து, தலை தாழப் படுக்க வைத்தார்கள். வலிக்கு ஊசி போட்டார்கள். ஐஸ் பை வைத்தார்கள். குடல் வெளியே வந்து ஓட்டையில் மாட்டிக்கொண்டால் அதற்கு ரத்தம் போவது நின்றுவிடும், நின்றால் அந்தப் பகுதி அழுகிவிடும், அப்புறம் உயிருக்கே ஆபத்து என்று பின்னால்தான் சொன்னார்கள். அந்த நேரம் எனக்குத் தெரிந்தது, தலைக்கு மேலே வந்து வந்து போன முகங்கள் மட்டும்தான். அந்துவான் மில்லிலிருந்து பஞ்சு ஒட்டிய தலையோடு ஓடி வந்து என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை கிடைக்கவில்லை, தலைப் பக்கம் முழுக்க மருத்துவர்கள்.

ஒரு இளம் பெண் மருத்துவர் என் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, சப்பாத்தி மாவைத் தொடுகிறவள் போல மெதுவாக, மிக மெதுவாக அழுத்திக்கொண்டே இருந்தார். திடீரென்று 'களக்' என்று ஒரு சத்தம். எல்லோருக்கும் கேட்டது. உள்ளே போய்விட்டது. அந்தப் பெண் மருத்துவர் முகம் மலர்ந்து, "போயி!" என்றார். மலையாளத்தில் சொன்னார். எங்களுக்கும் புரிந்தது. மதர் ஜெபமாலையை முத்தமிட்டார்.

அவர் பெயர் டாக்டர் லீலா. கேரளத்திலிருந்து வந்து அங்கே மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பெண்கள் அறுவை வார்டில் சேர்த்தார்கள். உடனே அறுத்துத் தைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். மறுநாள் காலை சிறுநீர்ப் பரிசோதனை செய்தபோது வேறு கதை தெரிந்தது. ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவம் இருக்கும். அதில் நம் சிறுநீர் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் சூடு காட்டுவார்கள். நீலமாகவே இருந்தால் சிறுநீரில் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம் இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு என்றால் அதிகம். செங்கல் நிறம் என்றால் ரொம்ப அதிகம். என்னுடையது செங்கல்.

"செங்கல்லா?" என்றார் பக்கத்துக் கட்டில் அம்மாள். "கொஞ்சம் சேத்து வைங்க டீச்சரம்மா, வீடு கட்டிடலாம்."

அப்படித்தான் மெஹருன்னிசா அக்கா எனக்கு அறிமுகமானார். கணவருக்கு ஊருக்குள் டிரங்குப் பெட்டிக் கடை. அக்காவுக்குப் பித்தப்பையில் கல். ஈரலுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பை அது. எண்ணெய்ப் பண்டம் செரிக்க வேண்டிய பித்த நீரைச் சேர்த்து வைக்கிற இடம். அதில் கல் இருந்தால் கொழுப்பாக எது சாப்பிட்டாலும் வலி உயிரை எடுக்கும். வலிக்குப் பயந்து பயந்து சாப்பிடாமலே இருந்து, அக்கா விறகுக் குச்சி மாதிரி ஆகியிருந்தார். அவருக்கு எடை ஏறினால்தான் அறுவை. எனக்கு இறங்கினால்தான் அறுவை. எங்கள் இரண்டு கட்டிலையும் ஒன்றாகப் போட்டது யார் என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் குறும்புக்காரர்.

பெரிய டாக்டர் மாணவர்கள் புடைசூழ வந்து என் கட்டில் முன்னால் நின்றார். சர்க்கரை இப்படி இருந்தால் தையல் ஆறாது, சீழ் பிடிக்கும் என்றார். இவளை வீட்டுக்கு அனுப்பினால் மறுபடி மாட்டிக்கொள்ளும். ஆகவே இங்கேயே இருக்கட்டும். மாத்திரை, அளவுச் சாப்பாடு, நடை. சர்க்கரை அடங்கி, எடையும் கொஞ்சம் இறங்கினதும் செய்யலாம். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எத்தனை நாள் என்று கேட்கத் திறந்த வாயை நான் மூடவே இல்லை.

பிள்ளைகள் இருவரையும் என் நாத்தனார் லூர்து தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்துவானின் தங்கை. தங்கமான மனசு. அவளிடம் ஒரே ஒரு குறை, யாருக்கு என்ன கஷ்டம் வந்தாலும் அதற்கு அவளுக்குத் தெரிந்த வைத்தியம் சோறுதான்.

"ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்னா சாப்பாடு அண்ணி? ரெண்டு சப்பாத்தி, தண்ணியா ஒரு பருப்பு. இப்படிப் போட்டா நீங்க மெலிஞ்சி போயிடுவீங்க!"

"அதுக்குத்தான்டி இங்க படுத்திருக்கேன்" என்றேன்.

"அது வேற மெலிவு. இது வேற மெலிவு" என்று சொல்லி, பார்வை நேரத்தில் முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த தூக்கை எடுத்தாள். வஞ்சிர மீன் வறுவல். அதை மறுக்கிற வலிமை எனக்குக் கிடையாது. இரண்டு நாள் இப்படி நடந்தது. மூன்றாவது நாள் டாக்டர் லீலா என் கட்டில் பக்கத்தில் வந்து நின்று மூக்கை உறிஞ்சினார்.

"டீச்சரே, மீன் வாசம் வருது."

"சன்னல் வழியா கடல் காத்து டாக்டர்" என்றார் மெஹர் அக்கா.

"கடல்ல மீன் மசாலா போட்டா இருக்கும்?"

வார்டே சிரித்தது. எனக்கு மட்டும் முகம் தொங்கிப் போயிற்று. டாக்டர் லீலா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காலையிலிருந்து இரவு வரை வீட்டில் என்னென்ன சாப்பிடுவேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொன்னேன். ரொட்டியும் வெண்ணெயும் வந்த இடத்தில் கையை உயர்த்தினார்.

"இது எப்போ?"

"நடந்து முடிச்சதும். பசிக்குமில்ல?"

"டீச்சரே, நீங்க அவ்ளோ தூரம் நடந்து செலவு பண்ணதை, அந்த ரொட்டி, வெண்ணெய், சக்கரை போட்ட காப்பி எல்லாம் சேர்ந்து திருப்பிக் கொடுத்திடும். மிச்சம் கொஞ்சம் கூடவும் கொடுக்கும். உங்க நடை பொய் இல்ல. ஆனா நடை மட்டும் போதாது."

உங்கள் நடை பொய் இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன்.

சாயங்காலம் அந்துவான் வந்ததும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று உடனே தோன்றியது. அவர் முகம் சுருங்கிப் போயிற்று. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான்தான் உனக்கு ஏத்தி விட்டிருக்கேன்."

"நீங்க ஆசையா வாங்கித் தந்தீங்க. நான் ஆசையா சாப்பிட்டேன்."

"இனிமே நான் உனக்கு என்னா வாங்கித் தர்றது?" நிஜமாகவே கேட்டார்.

எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். கிளம்புகிறார் என்று நினைத்தேன். "எழுந்திரு, நடக்கலாம். சைக்கிள் வெளியவே இருக்கட்டும்" என்றார். வார்டுக்கு வெளியே நீண்ட தாழ்வாரம். அதன் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இருவரும் நடந்தோம். அன்றிலிருந்து நான் வீடு திரும்பும் வரை, மில் வேலை முடிந்து கால் கடுக்க வந்தாலும், அவர் என்னோடு நடக்க வராத நாள் கிடையாது. கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் அவ்வளவு பேசினதும் கிடையாது.

லூர்துவையும் அவரே சரிக்கட்டினார். அவளுக்குச் சமைக்காமல் இருக்க முடியாது. அதனால் டாக்டர் லீலாவிடமே அனுப்பினார். எண்ணெயில்லாமல் மீனைக் குழம்பாக எப்படி வைப்பது, எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டு வந்து, அதையும் ஒரு வைராக்கியமாகச் செய்தாள். மெஹர் அக்கா வீட்டிலிருந்து வரும் சாப்பாட்டை அவர் என் எதிரே பிரிப்பதில்லை. தாழ்வாரத்துக்குப் போய் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். "ஒண்ணும் நல்லா இல்ல டீச்சரம்மா, உப்பே இல்ல" என்று தினமும் எனக்காகப் பொய் சொல்வார்.

முதல் வாரம் எடை நன்றாக இறங்கியது. நான் வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இரண்டாவது வாரம் முள் அசையவில்லை. அதற்கு அடுத்த வாரமும் அசையவில்லை. அளந்துதான் சாப்பிட்டேன். நடந்தேன். மீன் வாசம்கூட இல்லை. இருந்தும் முள் அதே இடத்தில் நின்றது. எடை மேடையை விட்டு இறங்கி வந்து கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். சாயங்காலம் அந்துவான் வந்து கூப்பிட்டார். கால் வலி என்றேன். மறுநாளும் கால் வலி என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. என் காலைப் பிடித்துவிட்டார். வலிக்காத காலை ஒருவர் அக்கறையாகப் பிடித்துவிடும்போது படுத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்கு அடுத்த காலை டாக்டர் லீலா கண்ணாடிக் குழாயைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். உள்ளே மஞ்சள்.

"இதென்னா கலர் டீச்சரே?"

"மஞ்சள்."

"போன வாரம் என்னா கலர்?"

எனக்கு நினைவில்லை. நான் எடை முள்ளைத் தவிர வேறு எதையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

"நீலம்" என்றார். "செங்கல்ல ஆரம்பிச்சு, ஆரஞ்சு, பச்சைன்னு வந்து நீலம். மாத்திரை அதேதான், கூட்டவே இல்ல. சாப்பாடும் அதேதான். ரெண்டு நாள் நீங்க நடக்கல. மஞ்சள். எடை காட்டலேன்னா ஒண்ணும் நடக்கலேன்னு அர்த்தம் இல்ல. உடம்பு உள்ள வேல செய்யுது. அது முதல்ல எங்க வேல செய்யணும்னு நம்ம கேட்டுச் செய்யாது."

மெஹர் அக்கா போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "நான் தினமும் முட்டை வெள்ளைக்கரு சாப்பிடறேன். எனக்கும்தான் ஏற மாட்டேங்குது. நான் சுவத்தைப் பாத்தா படுத்துக்கறேன்? எழுந்திரிங்க. நானும் வர்றேன்."

அன்று தாழ்வாரத்தில் மூன்று பேர் நடந்தோம். நடுவில் நான், ஒரு பக்கம் ஒட்டடைக் கம்பு, ஒரு பக்கம் விறகுக் குச்சி. எதிரே வந்த நர்ஸ் சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு போனார். அதற்கடுத்த காலை குழாய் பச்சை. மறுபடி நீலம் வந்த அன்றைக்கு, நான் அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். எங்கள் பள்ளியில் கோப்பை வாங்கின பெண்கள்கூட அதை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

அதன் பிறகு எனக்கு ஒரு வேலையும் கிடைத்தது. வயிற்றில் அறுவை ஆனவர்கள் வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு விடமாட்டார்கள், இருமமாட்டார்கள். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்துவிடும். அதனால் அறுவைக்கு முன்பே மூச்சுப் பயிற்சி பழக்க வேண்டும். மூக்கால் நன்றாக இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, வாயைக் குவித்து மெதுவாக விட வேண்டும். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். டாக்டர் லீலா ஒவ்வொரு கட்டிலாகப் போய்ச் சொல்லிக் கொடுத்துக் களைத்துப்போவதைப் பார்த்தேன்.

"குடுங்க டாக்டர், எனக்குத் தெரிஞ்ச ஒரே வேல இதுதான்" என்றேன்.

மறுநாள் காலை வார்டின் நடுவில் நின்று கையைத் தட்டினேன். "எல்லாரும் நிமிந்து உக்காருங்க. தோளை விடுங்க. இழு!" இரண்டு வரிசைக் கட்டில்களிலிருந்தும் மூச்சு இழுக்கும் சத்தம் வந்தது. "விடு!" முதல் நாள் பாதிப் பேர் சிரித்தார்கள். சில நாட்களில் நான் தாமதமானால் அவர்களே கூப்பிட்டார்கள். எடை மேடையில் ஏறும் நாள் எது என்பதே எனக்கு மறந்துபோயிற்று. சிஸ்டர் வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. கொஞ்சம் இறங்கியிருந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. பெரிய டாக்டர் சர்க்கரைக் கணக்கைப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். "போதும். வர்ற வாரம் போட்டுடலாம்" என்றார்.

ஒரு வழியாக எடை கொஞ்சம் ஏறி, முதலில் மெஹர் அக்காவுக்கு அறுவை ஆயிற்று. கல்லை ஒரு சின்னப் புட்டியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அக்கா அதைக் குலுக்கிக் காட்டினார். "உங்க கிட்ட செங்கல்லு, என்கிட்ட ஜல்லி."

எனக்கு அறுவை என்று குறித்த நாள் காலையில் பயம் வந்துவிட்டது. தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டு போகும்போது அந்துவான் கூடவே வந்தார். கதவு வரைக்கும்தான் விடுவார்கள். பிள்ளைகளைப் பற்றி, வீட்டுச் சாவியைப் பற்றி என்னென்னவோ சொல்ல நினைத்தேன். அவர் என் காதருகே குனிந்து, "இழு" என்றார். இழுத்தேன். "விடு." விட்டேன். கதவு மூடியது.

கண் விழித்தபோது தொண்டை காய்ந்திருந்தது, வயிற்றில் நெருப்பு வைத்த மாதிரி வலி. பக்கத்துக் கட்டிலில் யாரோ கையைத் தட்டினார்கள். மெஹர் அக்கா. தையல் போட்ட வயிற்றைத் தலையணையால் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்னா டீச்சரம்மா தூங்கறீங்க? நிமிருங்க. இழுங்க!" எதிர் வரிசையிலிருந்தும் குரல்கள் வந்தன. சிரித்தால் தையல் இழுத்தது. இருமினேன். தலையணையைப் பிடித்துக்கொண்டு, நான் சொல்லிக் கொடுத்தபடியே இருமினேன். தையல் தாங்கியது. நெஞ்சில் சளி கட்டவில்லை, காய்ச்சல் வரவில்லை. புண்ணும் நன்றாக ஆறியது.

வீட்டுக்கு வந்து, சில மாதங்கள் ஓய்வாக இருந்து, பிறகு பள்ளிக்குப் போனேன். தையல் வகுப்பைப் பற்றி மதர் மறுபடி பேசவே இல்லை. கடற்கரைச் சாலையில் இப்போது நானும் அந்துவானும் நடக்கிறோம். சில நாட்கள் மெஹர் அக்காவும் கணவரோடு வந்து சேர்ந்துகொள்வார். அவருக்கு ஏறணும், எனக்கு இறங்கணும். இரண்டு பேருக்கும் ஒரே சாலைதான். ரொட்டிக் கிடங்கை நாங்கள் இன்னும் தாண்டித்தான் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்துவான் ஒரு துண்டு வாங்குவார். வெண்ணெய் இல்லாமல். அதை இருவரும் பங்கு போட்டுக்கொள்வோம்.

எடையைக் கேட்பீர்கள். ஆஸ்பத்திரியை விட்டு வந்தபோது இருந்ததிலிருந்து கொஞ்சம் இறங்கியது, கொஞ்சம் ஏறியது, மறுபடி இறங்கியது. நான் இன்னும் கனமானவள்தான்.

போன மாதம் பரிசோதனைக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் லீலா படிப்பை முடித்து ஊருக்குப் போய்விட்டிருந்தார். புதிதாக ஒரு இளைஞர் உட்கார்ந்திருந்தார். தழும்பைப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் எடைச் சீட்டைப் பார்த்தார். முகத்தில் கவலை வந்தது.

"அம்மா, நீங்க கொஞ்சம் எக்சர்சைஸ் பண்ணணும். ஒண்ணும் பெரிசா வேணாம். தினம் கொஞ்சம் நடங்க."

அந்துவான் பக்கத்தில் நின்றுகொண்டு கூரையைப் பார்த்தார். அவர் தோள்கள் குலுங்கின. எனக்கும் அடக்க முடியவில்லை. இதே பேச்சைக் கேட்டு ஒரு நாள் பஸ்ஸில் வீடு வரை அழுதவள் நான். இப்போது சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

"சரிங்க டாக்டர். கொஞ்சம் நாடியும் பாத்துடுங்க" என்று கையை நீட்டினேன்.

விரலை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி வைத்து மறுபடி பார்த்தார். நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓட்டக்காரங்களுக்குத்தான் இவ்ளோ நிதானமா அடிக்கும். நீங்க... ஓடுவீங்களாம்மா?"

"ஓடுவேன். எனக்குப் பின்னாடி ஒரு கிளாஸ் பொண்ணுங்களும் ஓடுவாங்க" என்றேன்.